நெல்லையிலிருந்து முதல் தடவை டெல்லி: புதன்கிழமை ரயிலைப் பிடியுங்கள்

நெல்லையிலிருந்து டெல்லிக்கு மாறாமல் கொள்ளாமல் ஒரே வண்டியில் போக வசதியானது திருக்குறள் எக்ஸ்பிரஸ் (12641). வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடுகிறது. புதன், வெள்ளி மாலை கன்னியாகுமரியில் கிளம்பி, இரவில் நெல்லை சந்திப்புக்கு வந்து, மூன்றாம் நாள் மாலை ஹஜ்ரத் நிஜாமுதீன் போய்ச் சேரும். அதாவது புதன் ஏறினால் வெள்ளி மாலை டெல்லி, வெள்ளி ஏறினால் ஞாயிறு மாலை டெல்லி.

இதைச் சொல்லித் தொடங்கக் காரணம் இருக்கிறது. செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், தீன்மூர்த்தியில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியகம், குடியரசுத் தலைவர் மாளிகை என்று நாம் பார்க்கப் போகிற முக்கால்வாசி இடங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வெள்ளி ரயிலில் போகிற குடும்பம் இரண்டு ராத்திரிப் பயண அலுப்போடு மறுநாள் காலையில் பூட்டிய கதவு முன்னால் போய் நிற்கிறது. ரிட்டர்ன் டிக்கெட்டும் எடுத்தாயிற்று, பிள்ளைகளுக்கு லீவும் முடியப்போகிறது என்றால் செங்கோட்டையைப் பார்க்காமலே திரும்ப வேண்டியதுதான். அதனால் எந்தக் கிழமை கிளம்புவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. மாதத்தையும் கிழமையையும் குறியுங்கள்

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை போவது எல்லாவற்றிலும் நல்லது. குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டத்தை வழக்கமாக அந்தச் சமயத்தில்தான் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். அதற்கு அடுத்தபடி அக்டோபர்.

நம் பள்ளிகளின் கோடை விடுமுறை டெல்லிக்கு மிக மோசமான காலம். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும். பாளையங்கோட்டை வெயிலில் பழகியவர்களுக்கு இதெல்லாம் பெரிதா என்று நினைக்காதீர்கள். அங்கே அடிப்பது ஈரமே இல்லாத அனல்காற்று. வேர்வை வழிவது தெரியாததால் உடம்பில் தண்ணீர் குறைவதும் தெரியாது. தீபாவளி முடிந்த கையோடு நவம்பரில் காற்று மாசு ஏறும். ஆஸ்துமா, இளைப்பு உள்ள பெரியவர்களை அந்த மாதம் கூட்டிப் போக வேண்டாம். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் மூடுபனிக் காலம். ரயில் பல மணி நேரம் தாமதமாகும், விமானங்களும் தள்ளிப்போகும். போதாததற்குக் குடியரசு தின ஏற்பாடுகளால் இந்தியா கேட் பக்கம் பாதி வழியை அடைத்துவிடுவார்கள். சுதந்திர தினத்துக்கு முன்னால் செங்கோட்டையும் பல நாள் மூடியிருக்கும்.

கிழமைக் கணக்கு இப்படி. புதன் இரவு நெல்லையில் ஏறினால் வெள்ளி மாலை இறங்கலாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுதாகக் கையில் இருக்கும். திரும்பும் வண்டி (12642) சனி, திங்கள் காலையில் நிஜாமுதீனில் கிளம்புகிறது. திங்கள் ஏறினால் புதன்கிழமை வீடு. ஒரு வாரம் தங்க முடிகிறவர்கள் அடுத்த சனிக்கிழமை திரும்பலாம்.

2. டிக்கெட்: இரண்டு தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள்

முன்பதிவு 60 நாளுக்கு முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும் (2024 நவம்பர் வரை இது 120 நாளாக இருந்தது, பழைய கணக்கை நம்பி இருக்காதீர்கள்). போகும் டிக்கெட்டுக்கு ஒரு நாள், வரும் டிக்கெட்டுக்கு நாலைந்து நாள் தள்ளி இன்னொரு நாள். பலர் முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை மறந்து, திரும்பி வரும்போது வெயிட்டிங் லிஸ்டில் மாட்டுகிறார்கள். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை வைத்துக்கொண்டு சிலீப்பரிலோ ஏசியிலோ ஏற அனுமதியில்லை.

ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வையுங்கள். முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் இணைத்த கணக்குகளுக்கே முன்னுரிமை. 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலும் அப்படிப்பட்ட கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும்தான். தட்கல் முந்தைய நாள் திறக்கும்: ஏசிக்கு 10 மணி, ஏசி அல்லாததற்கு 11 மணி. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதைக் கவனியுங்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. ஆனால் அப்படிப்பட்டவர்கள் ஒருவரோ இருவரோ மட்டும் உள்ள தனி டிக்கெட்டுக்குத்தான் அது கிடைக்கும். அப்பா, அம்மா, மகன், மருமகள், பேரப்பிள்ளை எல்லாரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு போய்விடும். 48 மணி நேரப் பயணத்தில் முட்டுவலிக்காரர் மேல் பெர்த்தில் ஏறி இறங்குவது சாமானியமல்ல. பெரியவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட், மற்றவர்களுக்குத் தனி டிக்கெட் என்று எடுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அதை எதிர்பார்த்துக் கணக்குப் போடாதீர்கள்.

கட்டணம் ஆளுக்கு ஒரு வழிக்கு சிலீப்பரில் ஆயிரம் ரூபாய் அளவில், மூன்றடுக்கு ஏசியில் 2,500 ரூபாய் அளவில் வரும். தூரம் 2,800 கிலோமீட்டருக்கு மேல். நாக்பூர் தாண்டிய பிறகு கோடையில் அனலும், குளிர்காலத்தில் ஜன்னல் இடுக்கு வழியே வரும் வாடையும் சிலீப்பரில் நேராக உங்கள் மேல்தான். பிள்ளைகளும் பெரியவர்களும் வந்தால் ஹோட்டலில் குறைத்துக்கொண்டாவது ஏசி எடுங்கள்.

திருக்குறளில் இடமில்லை என்றால் சென்னை வழி. காலையில் நெல்லை வந்தே பாரத் ஏறினால் மதியம் எழும்பூர். இரவு 10 மணிக்கு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தினமும் கிளம்புகிறது. மூன்றாம் நாள் காலை புதுடெல்லி. எழும்பூரும் சென்ட்ரலும் வேறு வேறு நிலையம் என்பதை மறக்க வேண்டாம். மெட்ரோவில் ஒரே ஸ்டாப்தான் என்றாலும் பெட்டி படுக்கையோடு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வந்தே பாரத்துக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானம் என்றால் திருவனந்தபுரத்திலிருந்து டெல்லிக்கு நேரடிச் சேவை உண்டு. வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து போகிறவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ மாறலாம். திரும்பும்போது டெல்லியில் எந்த டெர்மினல் என்பதை டிக்கெட்டில் பாருங்கள். டெர்மினல் 3-க்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ, டெர்மினல் 1-க்கு மெஜந்தா லைன். தப்பாக இறங்கினால் இரண்டுக்கும் இடையே சில கிலோமீட்டர்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஆளுக்கொரு ஆதார், அசலாக. பிள்ளைகளுக்கும் சேர்த்து. ரயிலில் ஒருவரின் அடையாள அட்டை போதும் என்றாலும், ஹோட்டலில் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் கேட்பார்கள். குடியரசுத் தலைவர் மாளிகையில் பதிவு செய்த அதே அட்டையைக் காட்ட வேண்டும். எல்லாருடையதிலும் இரண்டு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எடுத்தால் பத்து ரூபாயில் முடிகிற காரியம்.

விமான டிக்கெட்டில் நம்மூர் இனிஷியல் ஒரு தலைவலி. கடைசிப் பெயர் என்று கட்டம் கேட்கும். நமக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆதாரில் "எஸ். சுடலைமுத்து" என்று இருந்தால் இனிஷியலின் விரிவை, அதாவது அப்பா பெயரை, அந்தக் கட்டத்தில் போடுங்கள். ஊர்ப் பெயரையோ சாதிப் பெயரையோ இட்டு நிரப்பினால் வாசலில் நிற்கும் காவலர் ஆதாரோடு ஒப்பிடும்போது பிரச்சினை வரும்.

குடியரசுத் தலைவர் மாளிகைக்கு அதன் இணையதளத்தில் மட்டும் பதிவு. ஆளுக்கு 50 ரூபாய். நேரில் போய் டிக்கெட் வாங்க முடியாது. சனி, ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் ரயில் டிக்கெட் உறுதியானதும் செய்ய வேண்டிய அடுத்த வேலை இதுதான். எந்த கேட் வழியே போக வேண்டும் என்று சீட்டில் போட்டிருக்கும். வளாகம் பெரியது, கேட் மாறினால் உங்கள் நேரம் முடிந்துவிடும்.

4. ரயிலுக்குள்

முதல் நாள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. மதியத்துக்குப் புளியோதரை. தேங்காய்ச் சட்னி வேண்டாம், விடியும் முன் புளித்துவிடும். அதற்கு மேல் பேன்ட்ரியை நம்பலாம்.

டெல்லி உறவினருக்கு அல்வா வாங்குவதாக இருந்தால் முந்தைய நாளே வாங்கி வையுங்கள். இருட்டுக்கடை திறப்பதே சாயங்காலம்தான். கீழரத வீதியில் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, டவுன் நெரிசலைத் தாண்டி ஜங்ஷனுக்கு ஓடி ரயிலைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

5. இறங்கியதும் எந்த வாசல்?

நிஜாமுதீனில் இரண்டு பக்கம் வெளியேறலாம். மெட்ரோவுக்கு சராய் காலே கான் பக்கம் வர வேண்டும். பிங்க் லைன் நிலையம் அங்கேதான். போகல், ஜங்புரா பக்க வாசலில் இறங்கிவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் நடைமேம்பாலம் ஏறியாக வேண்டும். புதுடெல்லி நிலையத்திலும் இதே கதை. மெட்ரோ அஜ்மீரி கேட் பக்கம், பஹாட்கஞ்ச் மறுபக்கம்.

பஹாட்கஞ்ச் வாசலில் கழுத்தில் அட்டை தொங்க ஒருவர் வந்து, "உங்கள் ஹோட்டல் மூடிவிட்டது", "அந்த ரோடு அடைத்திருக்கிறது", "டிக்கெட்டில் முத்திரை வைக்க வேண்டும்" என்று சொன்னால் நிற்காமல் நடங்கள். ரயில்வே ஆட்கள் யாரும் வாசலுக்கு வந்து இப்படிச் சொல்வதில்லை. சந்தேகம் இருந்தால் 139-ஐ அழையுங்கள். அவசரத்துக்கு 112.

6. தங்குமிடம்

கரோல் பாக், பஹாட்கஞ்ச் இரண்டும் மெட்ரோவுக்கு அருகில் உள்ளவை. சுமாரான இருவர் அறை 1,500 முதல் 2,500 ரூபாய் வரை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் சிபாரிசு கரோல் பாக். பஹாட்கஞ்ச் சந்துகளில் ராத்திரி சத்தம் அதிகம். சாணக்யபுரியில் பொதிகைத் தமிழ்நாடு இல்லம் இருக்கிறது. நம் மலையின் பெயரைப் பார்த்ததும் அங்கே தங்க ஆசை வரும். ஆனால் அரசுப் பணியாக வருகிறவர்களுக்கே அங்கு முதலிடம், அதை நம்பி அறை எடுக்காமல் போகாதீர்கள்.

முன்பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: அறைக்கு ஜன்னல் உண்டா, சுடுதண்ணீர் எந்நேரமும் வருமா, லிஃப்ட் உண்டா. படத்தில் பளபளப்பாகத் தெரிகிற பல அறைகளுக்கு ஜன்னலே கிடையாது.

7. மெட்ரோவைப் பழகினால் பாதி டெல்லி கையில்

கட்டணம் 11 ரூபாயில் தொடங்கி 64 ரூபாயில் முடிகிறது (2025 ஆகஸ்ட் உயர்வுக்குப் பிறகு). இரண்டு மூன்று நாள் தங்குகிறவர்கள் ஸ்மார்ட் கார்டு எடுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் 10 சதவீதம் குறையும், வரிசையும் மிச்சம். ஒரு கார்டை வைத்து நாலு பேர் போக முடியாது. ஆளுக்கொன்று வேண்டும். உள்ளே நுழையும்போது தட்டியது போல வெளியே வரும்போதும் தட்ட வேண்டும்.

வண்டி போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். தெரியாமல் ஏறிய ஆண்களுக்கு அபராதம் உண்டு. காலை 8 முதல் 10, மாலை 5 முதல் 8 வரை ராஜீவ் சௌக்கில் மாறுவதைத் தவிருங்கள். நெருக்கத்தில் பிள்ளையின் கை நழுவிவிடும், பர்ஸும் போய்விடும்.

புதியவர்கள் தவறாமல் விழும் இடம் நீல லைன். யமுனா பேங்க் நிலையத்தில் அது இரண்டாகப் பிரிகிறது: ஒன்று வைஷாலிக்கு, மற்றது நொய்டா எலக்ட்ரானிக் சிட்டிக்கு. அக்ஷர்தாம் நொய்டா கிளையில் இருக்கிறது. இரண்டும் ஒரே பிளாட்பாரத்துக்கு மாறி மாறி வரும். வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

8. சனி, ஞாயிறு: எதை எப்போது

சனிக்கிழமை காலை 9.30-க்கு செங்கோட்டை வாசலில் நில்லுங்கள். வயலட் லைனில் லால் கிலா நிலையம். டிக்கெட்டை முன்தினமே ஆன்லைனில் எடுத்தால் விலையும் குறைவு, வரிசையும் இல்லை. தொல்லியல் துறையின் பெரிய சின்னங்களுக்கு, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை போன்றவற்றுக்கு, ஆன்லைனில் 35 ரூபாய், ரொக்கத்தில் 40. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். செங்கோட்டையிலிருந்து நடந்தே சாந்தினி சௌக். அங்கே கடைகள் பெரும்பாலும் ஞாயிறு அடைப்பு; அதனால்தான் சனி. மதியத்துக்கு மேல் ஹுமாயூன் கல்லறை. இருட்டும் நேரத்தில் இந்தியா கேட்டும் தேசியப் போர் நினைவகமும், இரண்டும் இலவசம்.

ஞாயிறு காலை ஆர்.கே.புரம் உத்தர சுவாமிமலை முருகன் கோயில். டெல்லிக்காரர்கள் சொல்வது போல மலை மந்திர் என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். நடை சாத்துவதற்கு முன் போய்விடுங்கள். அங்கிருந்து குதுப் மினார். மெட்ரோ நிலையத்தின் பெயர் குதுப் மினார் என்றாலும் மினார் அதன் வாசலில் இல்லை. ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் ஆட்டோவில் போக வேண்டும்.

மதியம் அக்ஷர்தாம். இங்கே நடக்கும் முறையை முன்பே தெரிந்துகொண்டால் ஒரு மணி நேரம் மிச்சம். போன், கேமரா, பை, ஸ்மார்ட் வாட்ச், பென் டிரைவ் எதுவும் உள்ளே கிடையாது. முன்னால் உள்ள கவுண்டரில் ஒரு படிவத்தில் என்னென்ன பொருள் என்று எழுதி, பொருளோடு உங்களையும் படம் எடுத்து, டோக்கன் தருவார்கள். ஞாயிறு மாலை அந்த வரிசையே நீண்டு கிடக்கும். குடும்பத்தின் போன்களையெல்லாம் ஒரே பையில் போட்டு ஒருவர் மட்டும் வரிசையில் நின்றால் போதும். போன் இல்லை என்றால் ஜிபே இல்லை. உள்ளே காட்சிக்கும் நீரூற்று நிகழ்ச்சிக்கும் டிக்கெட் வாங்க, சாப்பிட, ரொக்கம் வேண்டும். பர்ஸை உள்ளே கொண்டு போகலாம். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கூப்பிட வழியில்லாததால், "காணாமல் போனால் டோக்கன் கவுண்டர் முன்னால் நில்" என்று பிள்ளைகளிடம் நுழையும் முன்பே சொல்லி வையுங்கள்.

9. வெள்ளி ரயில்தான் கிடைத்தது என்றால்

திங்கட்கிழமையை ஆக்ராவுக்குக் கொடுங்கள். தாஜ்மஹாலுக்கு வெள்ளிதான் விடுமுறை. நிஜாமுதீனிலிருந்து காலை கதிமான் எக்ஸ்பிரஸ், ஏறக்குறைய 100 நிமிடம், மாலையே திரும்பிவிடலாம். நுழைவு 50 ரூபாய், கல்லறை மேடைக்கு மேலே போக இன்னும் 200. ஆக்ரா போக முடியாதவர்கள் திங்களன்று குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, இந்தியா கேட், மலை மந்திர் பார்க்கலாம், இவை திறந்திருக்கும். சரோஜினி நகர், கரோல் பாக் சந்தைகளுக்கு அன்றைக்கு விடுமுறை.

10. ஆட்டோவும் அரை எண்களும்

மீட்டர் கட்டணம் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 11. இரவு 11 முதல் காலை 5 வரை கால் பங்கு கூடுதல். ஐந்து கிலோமீட்டருக்கு 70 ரூபாய் என்று மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நாம் அண்ணாச்சி என்கிற இடத்தில் அங்கே "பையா". "பையா, மீட்டர் சே சலோ" (மீட்டர் போட்டுப் போங்கள்) என்றால் போதும். மாட்டேன் என்பவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போங்கள்.

இந்தி எண்களில் ஒன்று நம்மைத் தவறாமல் கவிழ்க்கும். "சௌ" என்றால் நூறு என்று தெரிந்து வைத்திருப்போம். ஆட்டோக்காரர் "டேட் சௌ" என்பார். காதில் விழுவது கடைசிச் சொல் மட்டும். நூறு என்று நினைத்து ஏறிவிடுவோம். டேட் என்றால் ஒன்றரை. டேட் சௌ 150. டாயி என்றால் இரண்டரை. டாயி சௌ 250. ஸாடே தீன் சௌ 350. இறங்கும் இடத்தில் சண்டை வருவது ஏமாற்றுவதால் அல்ல, பெரும்பாலும் இந்த அரை எண்களால்தான். ஏறும் முன் போனில் தொகையைத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

11. இருவருக்கு ஆகும் செலவு

ஏசி ரயில் போக வர 10,000. மூன்று இரவு அறை 6,000. சாப்பாடு, ரயிலில் ஆகிறதையும் சேர்த்து, 4,000. மெட்ரோ, ஆட்டோ 1,500. நுழைவுக் கட்டணங்கள் 500. ஆக 22,000 ரூபாய் அளவில். சிலீப்பரில் போனால் 6,000 குறையும். ஆக்ரா சேர்த்தால் தனியாக எடுத்து வையுங்கள். பிப்ரவரி தொடக்கத்தில் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், குல்லா, காலுறை கொண்டு போங்கள். நெல்லையில் கடை தேடுவதைவிட, வடக்கே போய் வந்த யாரிடமாவது இரவல் கேட்பது சுலபம்.

12. திரும்பும் காலை

நிஜாமுதீனில் ரயில் காலையில் கிளம்புகிறது. அந்த நேரத்துக்கு மெட்ரோவை நம்ப முடியாது. முதல் மெட்ரோவைப் பிடித்துப் போகலாம் என்ற திட்டமே வேண்டாம். முந்தைய இரவே ஹோட்டல் வரவேற்பில் சொல்லி வண்டி பேசி, ஓட்டுநரின் எண்ணை வாங்கி, அறைக் கணக்கையும் தீர்த்துவிடுங்கள். அந்த நேரத்தில் வரவேற்பில் ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். பில் போட எழுப்பிக்கொண்டு நிற்க நேரம் இருக்காது.